புடிச்சாச்சு, அப்புறம்?

கபடி கார்னரிலிருந்து மல்யுத்தத்துக்கு வந்த ஒரு மாணவியின் கால்பிடி: நிகழ்வு ஆய்வு

ஒன்பது தடவை காலுக்கு இறங்கினாள். அதில் ஆறு தடவை கை காலுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு தடவை கணுக்கால் அவள் கைக்குள் பூட்டியே விட்டது. புள்ளியாக மாறியது ஒன்றே ஒன்று. மாநில அளவிலான ஒரு போட்டியின் அரையிறுதியில் என் மாணவி 2-7 என்று தோற்றுவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "புடிச்சிட்டேன் இல்ல சார்? அப்புறமும் ஏன் போச்சு?"

அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. "பரவால்ல கண்ணு, தண்ணி குடி" என்றுதான் சொல்ல முடிந்தது. பதில் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதையும், அடுத்த ஐந்து மாதம் அதை வைத்துச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கபடி ஆடும் பிள்ளைகளை மல்யுத்தத்துக்கு அழைத்து வரும் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இடறிய இடத்தில் அவர்களும் இடறக் கூடாது என்பதுதான் என் ஆசை.

பின்னணி

மாணவிக்கு வயது 16. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்தே கபடியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பாடி வருபவளைப் பிடிப்பவள். பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் டியூப் லைட் கட்டி நடக்கும் கபடியைப் பார்த்து வளர்ந்தவள். கை நீளம், பிடி இரும்பு. பாடி வருபவளின் கால் கோட்டுக்குள் நுழைந்து திரும்பும் அந்த அரை நொடியில் கணுக்காலைக் கவ்வுவதில் அவளுக்கு நிகராக எங்கள் வட்டாரத்தில் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பிடியைப் பார்த்துத்தான் "மல்யுத்தத்துக்கு வர்றியா?" என்று கேட்டேன். 53 கிலோ பிரிவு.

எங்கள் பயிற்சிக்கூடம் என்பது ஓர் அறைதான். பழைய ஃபோம் மெத்தைகளை நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாய் இழுத்து, நான்கு பக்கமும் கட்டி வைத்திருக்கிறோம். வியர்வை பட்டால் தார்ப்பாய் வழுக்கும். பாதி நேரம் ஒரு துணியோடு துடைத்துக்கொண்டேதான் பயிற்சி. கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

விதிகளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கு 2 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 நொடி இடைவேளை. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் போய்க் கட்டுப்படுத்தினால் டேக்டவுன், 2 புள்ளி. அதே வீழ்த்தல் நேராக முதுகு தரையைப் பார்க்கிற மாதிரி முடிந்தால் 4. வட்டத்துக்கு வெளியே கால் வைக்க வைத்தால் 1. வட்டம் 9 மீட்டர் விட்டம், அதன் விளிம்பில் 1 மீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை. 10 புள்ளி முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கைபேசியில் பார்த்த நான்கு நிமிடம்

தோற்ற ஆட்டத்தை அவளுடைய அணித்தோழி கைபேசியில் எடுத்திருந்தாள். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு கால்பிடி முயற்சிக்கும் ஒரு வரி எழுதினேன். எங்கே நின்றாள், எதிராளியின் எடை எந்தக் காலில் இருந்தது, பிடித்த பிறகு எந்தத் திசையில் போனாள். முதல் இரண்டு விஷயங்களை எல்லாப் பயிற்சியாளரும் பார்ப்பார்கள். மூன்றாவதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது கால்பிடியை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல தூரத்திலிருந்து பாய்ந்து வலது கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இரண்டு முழங்காலும் தரையில். தலை கீழே. பிடித்த காலைத் தன் பக்கமாக, பின்னால், இழுக்கிறாள். எதிராளி இரண்டு காலையும் பின்னுக்கு வீசி இடுப்பை இவள் தோள்மேல் இறக்குகிறாள், ஸ்ப்ரால். தலையையும் ஒரு கையையும் சேர்த்து மேலிருந்து பூட்டி, பொறுமையாகச் சுற்றிப் பின்னால் வந்துவிடுகிறாள். 2 புள்ளி. அப்படியே இடுப்பைக் கட்டி உருட்டி இன்னொரு 2. இவ்வளவு நடக்கும்போதும் என் மாணவி அந்தக் கணுக்காலை விடவே இல்லை. கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஐந்தாவது கால்பிடி ஆரஞ்சுப் பட்டையில் நடந்தது. எதிராளியின் ஒரு கால் இவள் கையில், இன்னொரு கால் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி. முன்னால் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் ஸ்டெப் அவுட், 1 புள்ளி கைமேல். இவளோ அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவுக்குக் கொண்டு வருகிறாள்! நடுவுக்கு வந்ததும் எதிராளி சுற்றிப் பின்னால் போய் 2 எடுத்துக்கொள்கிறாள்.

இந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் கபடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சட்டென்று விளங்கியது. பாடி வந்தவனின் காலைக் கார்னர் பையன் கவ்வினான். கவ்வியவுடன் பின்னால், தன் எல்லைக்கோட்டுப் பக்கமாக இழுத்தான். வந்தவன் நடுக்கோட்டைத் தொட்டுவிடக் கூடாதே. அப்புறம் மற்ற பிள்ளைகள் வந்து மேலே விழுந்தார்கள். ஆட்டம் முடிந்தது.

என் மாணவி மல்யுத்தத்தில் ஒரு தவறும் செய்யவில்லை. அவள் கபடியைச் சுத்தமாக ஆடிக்கொண்டிருந்தாள். கார்னரின் வேலை பிடிப்பது, பின்னால் இழுப்பது, ஆட்கள் வரும்வரை விடாமல் இருப்பது. மூன்றையும் அச்சுப் பிசகாமல் செய்தாள். மல்யுத்தத்தில் யாரும் வர மாட்டார்கள். ஏழாவது கால்பிடியில் ஏறக்குறைய பத்து நொடி காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள், நடுவர் விசில் அடித்து இருவரையும் எழுப்பி நிறுத்தும் வரை. அந்தப் பத்து நொடியும் அவள் உடம்பு மற்ற ஆறு பேருக்காகக் காத்திருந்தது என்று நினைக்கிறேன்.

புள்ளி கிடைத்த அந்த ஒரே கால்பிடி, ஆறாவது, இதை உறுதி செய்தது. முன்னிலையில் இருந்த எதிராளி நெஞ்சை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கபடியில் பாடி வருகிற மாதிரியே வந்தாள். என் மாணவி யோசிக்கவே இல்லை. கால் தரையைத் தொடுவதற்குள் கணுக்கால் கையில். வந்தவளின் எடை முன்னால் இருந்ததால் தானாகவே சாய்ந்தாள். அதாவது, எதிராளி தானாக வந்தால் இவள் உலகத்தரம். வராவிட்டால் வரவழைக்கத் தெரியாது. மீதி எட்டுக் கால்பிடிகளிலும் எதிராளி அசையாமல் நிலையாக நின்றாள், இவள் தூரத்திலிருந்து பாய்ந்தாள். மூன்றில் கை காலைத் தொடவே இல்லை.

இதில் என் பங்கையும் எழுத வேண்டும். ஓராண்டு முழுக்க அவள் கணுக்காலைப் பிடிக்கும்போதெல்லாம் "சூப்பர் பிடி" என்று கை தட்டியவன் நான். பிடிப்பதோடு வேலை முடிந்தது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் கபடிக்குப் பாதிப் பங்கு என்றால் எனக்குப் பாதிப் பங்கு.

கணுக்கால் பிடி தப்பா?

இதைச் சொன்னவுடன் சக பயிற்சியாளர் ஒருவர், "அப்போ அந்தக் கீழ்ப்பிடியையே மறக்கடிச்சிடுங்க, ரெண்டு காலையும் சேர்த்துப் புடிக்கிற டபுள் லெக் சொல்லிக் குடுங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. தாழ்ந்த ஒற்றைக்கால் பிடி என்றால் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் ஜான் ஸ்மித். 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். 1987, 1989, 1990, 1991 என்று நான்கு உலகப் பட்டம். அவர் பிடித்ததும் கணுக்கால்தான். ஆனால் அவர் கை கணுக்காலுக்குப் போன அதே நொடியில் தோள் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் சாய்ந்து அழுத்தும். உடம்பு நேராக நிற்காது, பக்கவாட்டில் சுழன்றபடி இருக்கும். குதிகால் பூட்டிக் கிடக்க, முன்னெலும்பில் தோள் அழுத்தினால் யாராக இருந்தாலும் பின்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கை பிடிப்பதற்கு, தோள் வீழ்த்துவதற்கு. என் மாணவியிடம் கை இருந்தது, தோள் இல்லை.

பிடியை மாற்ற வேண்டாம், பிடிக்கு முன்னும் பின்னும்தான் வேலை என்று முடிவு செய்தோம். அதிலும் பின்னால் இருந்து தொடங்கினோம். காரணம் எளிது. பிடித்தால் புள்ளி வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை பயமில்லாமல் இறங்குவாள்.

பிடித்ததற்குப் பிறகு

முதல் ஆறு வாரம் அவள் காலுக்குப் பாயவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கால் ஏற்கெனவே அவள் கையில் இருக்கும். ஜோடியாக நின்றவன் அவள் சித்தப்பா மகன், 50 கிலோ, மகா பிடிவாதக்காரன். விசில் ஊதியதும் பத்து நொடி. அதற்குள் வீழ்த்த வேண்டும், அல்லது வெளியே தள்ள வேண்டும். அவன் தப்பிக்கப் பார்ப்பான். ஒரு மாலைக்கு இருபது தடவை. முதல் வாரம் இருபதில் நான்கு முடித்தாள். ஆறாவது வாரம் பன்னிரண்டு, பதின்மூன்று என்று நின்றது.

அந்தப் பத்து நொடிக்குள் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. முதலில், முழங்காலில் இருக்காதே, எழுந்திரு. வெளிப்பக்கக் காலை முதலில் ஊன்று, பிடித்த காலை உன்னோடு மேலே கொண்டுவா. கணுக்காலில் இருக்கும் பிடி முழங்காலுக்கு மேல் ஏறட்டும், நெஞ்சு அவன் தொடையோடு ஒட்டட்டும். தலை உள்பக்கம், காது அவன் நெஞ்சில். தலை வெளியே போனால் கழுத்தைப் பூட்டுவான், கீழே போனால் மேலே ஏறி உட்கார்வான். இரண்டு உள்ளங்கையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டியிருக்கட்டும், விரல்களைக் கோத்துக்கொள்ளாதே, உடையும்.

அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி: அவன் எடை எங்கே?

உன்மேல் சாய்கிறானா? அப்படியானால் காலை உன் இரண்டு தொடைகளுக்கு நடுவே கவ்வி, தோளை அவன் தொடைமேல் முழுக்க இறக்கி, பின்காலை வட்டமாகச் சுழற்றி வை. பயிற்சியாளர்கள் இதைப் பைப் என்பார்கள். பின்னால்தான் போகிறோம், ஆனால் கபடியில் இழுப்பதுபோல நேராக இல்லை. ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே, கீழே அழுத்திக்கொண்டே போகிறோம். அவன் பின்புறம் தரையில் பட்டுவிடும். எதிர்ப்பக்கமாக நொண்டியடித்துக்கொண்டு ஓடுகிறானா? ஓடவிடு, கூடவே நீயும் ஓடு. கோடு வந்தால் 1, கோட்டுக்கு முன்னால் இன்னொரு கை மறு காலுக்குப் போனால் 2. இரண்டும் இல்லாமல் ஒற்றைக்காலில் சிலையாக நிற்கிறானா? பிடித்த காலை மார்பளவு தூக்கு, ஊன்றிய காலை உன் காலால் தட்டு.

எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கபடியில் செயின் என்றால் இரண்டு பேர் கை கோத்து நின்று வந்தவனைச் சுற்றி வளைப்பது. மல்யுத்தத்தில் செயின் என்றால் ஒரே ஆள் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குக் கோத்துக்கொண்டே போவது. "செயின் போடு, நீயே ரெண்டு பேரா இரு" என்று ஒருநாள் கத்தினேன். அவளுக்கு அது சட்டென்று ஏறியது. பத்துத் தடவை ஆங்கிலப் பெயர்களில் சொன்னது ஏறாமல், அவள் ஆட்டத்தின் சொல்லில் சொன்னது ஒரே தடவையில் ஏறியது.

குடம்

தலை கீழே போகிற பழக்கம் மட்டும் விடவே இல்லை. கபடிக் கார்னர் பாயும்போது இடுப்பிலிருந்து வளைந்து முகம் தரையைப் பார்த்துப் போகும். அங்கே அது சரி. இங்கே முதுகு வளைந்து தலை கவிழ்ந்தால் ஸ்ப்ராலின் எடை முழுக்கக் கழுத்தில் இறங்கும். புள்ளி போவதைவிட அதுதான் எனக்குக் கவலை.

அவளுடைய அம்மாவுக்கும் அதே கவலை. பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒருநாள் கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். மகள் இறங்கிக் காலைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "கழுத்துக்கு ஒன்னும் ஆவாதே சார்?" என்றார். தலை கவிழாமல் இடுப்பை மட்டும் இறக்கக் கற்றுக்கொண்டால் ஒன்றும் ஆகாது அக்கா, அதுதான் வரமாட்டேன் என்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்து, "தலையில குடம் இருக்குது, கீழ சும்மாடு வுழுந்துடுச்சு. எப்படி எடுப்ப?" என்று கேட்டார்.

அவள் எடுத்துக் காட்டினாள். முதுகு நேர், கழுத்து நேர், பார்வை முன்னால், முட்டி மடங்கி இடுப்பு மட்டும் இறங்கியது, ஒரு கால் முன்னால் நழுவியது. உலகத்தில் எந்தப் பயிற்சிக் காணொளியிலும் லெவல் சேஞ்சை, அதாவது உடம்பைத் தாழ்த்தி இறங்குவதை, இதைவிடச் சுத்தமாக நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் "குடம்" என்று ஒரு சொல் போதும், தலை நிமிர்ந்துவிடும். மறுநாளே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, தலையில் வைத்து அடியெடுத்து வைக்கும் பயிற்சியைத் தொடங்கினோம். தார்ப்பாய் பலமுறை நனைந்தது.

பிடிப்பதற்கு முன்

இது கடினமான பாதி. கார்னர் காத்திருந்து பழகியவள். பாடி வருபவளுக்கு 30 நொடிதான். அதற்குள் அவளே வந்தாக வேண்டும், வந்தால் போதும். மல்யுத்தத்தில் எதிராளி வராமலே நான்கு நிமிடமும் நிற்கலாம். சும்மா நிற்பவருக்கு நடுவர் எச்சரிக்கை கொடுத்து, 30 நொடி கெடு வைத்து, அதற்குள் புள்ளி எடுக்காவிட்டால் எதிரிக்கு 1 கொடுப்பார் என்பது உண்மைதான். அதை நம்பி யாரும் ஆட முடியாது.

கால் தானாக வராவிட்டால் தலையை வைத்துக் காலை வரவழைக்கலாம். பிடரியில் கை வைத்து முன்னுக்கு ஓர் இழுப்பு இழுத்தால் மனித உடம்பு இரண்டில் ஒன்றைச் செய்யும். விழாமல் இருக்க ஒரு காலை முன்னால் வைக்கும், அல்லது விறைத்துக்கொண்டு பின்னால் நிமிரும். கால் முன்னால் வந்தால் அதுதான் பாடி வருகிற கால், அவளுக்குத் தெரிந்த கால். நிமிர்ந்தால் இடுப்பு உயர்ந்து இரண்டு காலும் விறைக்கும், ஸ்ப்ரால் போட அரை நொடி தாமதமாகும். எது நடந்தாலும் நமக்கு வேலை உண்டு. எதுவும் நடக்காவிட்டால் இறங்கக் கூடாது, மறுபடி இழுக்க வேண்டும். "சாய்ந்து எட்டாமலே அவள் தலையில் கை வைக்க முடிந்தால் காலும் எட்டும். முடியாவிட்டால் எட்டாது." தூரத்துக்கு இந்த ஓர் அளவுகோல்தான் கொடுத்தேன்.

இதற்காக ஒரு விளையாட்டு வைத்தோம், முட்டித்தொடு. பிடிக்கக் கூடாது, வீழ்த்தக் கூடாது. கையாலும் தலையாலும் எதிரியை ஓர் அடி முன்னால் வரவைத்து, வந்த முட்டியை உள்ளங்கையால் தட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் யார் அதிகம்? சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு கூடமே அதிர்ந்தது.

நடுவில் ஒரு சறுக்கல். மணிக்கட்டைத் தட்டுவது, முழங்கையைத் தள்ளுவது, போக்குக் காட்டுவது என்று ஒரே மாதத்தில் நிறையத் திணித்துவிட்டேன். பயிற்சி ஆட்டங்களில் அவள் காலுக்கு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். "எதைப் பண்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள போயிடுது சார்" என்றாள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். பிடரியில் வலது கை, இழுப்பு, முன்னால் வரும் கால். இது ஒன்று மட்டும். மீதி அடுத்த ஆண்டுக்கு.

ஒரு டேக்டவுனின் விலை

நுட்பத்தோடு கணக்கும் வேண்டும். தோற்ற ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தில் 2-6 என்ற நிலையில் அவள் அவசரப்பட்டுத் தூரத்திலிருந்து பாய்ந்து, நிலை தடுமாறி வெளியே தள்ளப்பட்டு இன்னொரு புள்ளியும் கொடுத்தாள். பின்தங்கினால் பதறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். அதற்கு நான் அறிவுரை சொல்லவில்லை. இரண்டு ஆட்டங்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன்.

ஒன்று, 2016 ரியோ ஒலிம்பிக், 58 கிலோ. சாக்‌ஷி மாலிக் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கிர்கிஸ்தானின் டினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கியிருந்தார். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்து 5-5 ஆக்கி, கடைசி நொடிகளில் இன்னொரு 2. எதிரணியின் முறையீடு தோற்றதில் மேலும் ஒன்று, 8-5. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை.

இன்னொன்று, 2024 பாரிஸ், 50 கிலோ. வினேஷ் போகாட்டுக்கு முதல் ஆட்டமே யுயி சுசாகியோடு. டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், சர்வதேச ஆட்டங்களில் அதுவரை தோல்வியே அறியாதவர். வினேஷ் 0-2 என்று பின்தங்கியிருந்தார். அந்த இரண்டும் தாக்காமல் நின்றதற்காக ஒவ்வொன்றாகப் போன புள்ளிகள். அவர் பதறவில்லை, காலையும் கொடுக்கவில்லை. சில நொடிகள் மீதமிருக்கும்போது ஒரே ஒரு டேக்டவுன், 2-2. சமநிலை வந்தால் அதிக மதிப்புள்ள நகர்வைச் செய்தவருக்கே வெற்றி. ஒன்று ஒன்றாக வந்த இரண்டைவிட ஒரே பிடியில் வந்த 2 பெரிது. ஜப்பான் தரப்பின் முறையீடு தோற்று 3-2 ஆனது.

அவள் இதை நோட்டில் எழுதிக்கொண்டாள்: "1+1ஐ விட 2 பெருசு." கணக்கு டீச்சர் பார்த்தால் திட்டுவார் என்றாள்.

மறுபடி அதே எதிராளி

ஐந்து மாதம் கழித்து, வேறொரு போட்டி. அட்டவணையில் அதே பெண், அரையிறுதியில்.

முதல் நிமிடத்துக்குள் பிடரி இழுப்பு வேலை செய்தது. வலது கால் முன்னால் வந்தது, கை உள்ளே போனது. இந்தத் தடவை முழங்காலில் நிற்கவில்லை, எழுந்தாள். எதிராளி நொண்டியடித்துக்கொண்டு ஆரஞ்சுப் பட்டைக்குப் போனாள். என் இதயம் அங்கேயே நின்றது, இழுத்துவிடுவாளோ என்று. இழுக்கவில்லை. கூடவே ஓடினாள். 1-0. ஒரு புள்ளிதான். எனக்கு அந்த ஒன்றைப் போல ஆட்டம் முழுக்க வேறெதுவும் சந்தோஷம் தரவில்லை.

அடுத்ததே பழைய பழக்கம். தூரத்திலிருந்து பாய்ச்சல், தலை கீழே, ஸ்ப்ரால், எதிராளி பின்னால். 1-2. ஐந்து ஆண்டு கபடி ஐந்து மாதத்தில் போய்விடாது.

இடைவேளையில் 30 நொடி. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "குடம்" என்றேன். தலையாட்டினாள். "ஒன்னு போதும் கண்ணு. ஒரே ஒன்னு. அவசரமே இல்ல." "சரி சார்."

இரண்டாம் சுற்றில் முதல் கால்பிடி நழுவியது. எதிராளி காலை உதறி விடுவித்துக்கொண்டாள், ஆனால் புள்ளி எதுவும் போகவில்லை. நிமிர்ந்த தலையோடு இறங்கியிருந்ததால் பூட்ட இடமே கிடைக்கவில்லை. பிறகு இரண்டு தடவை பிடரியை இழுத்தும் கால் வரவில்லை. இறங்காமல் விட்டாள். இறங்காமல் விட்ட அந்த இரண்டு தடவைகளை நான் நோட்டில் தனியாகக் குறித்திருக்கிறேன். மூன்றாவது இழுப்புக்குக் கால் வந்தது. ஒற்றைக்கால் பிடி, எழுந்தாள், எதிராளி முழு எடையையும் இவள்மேல் சாய்த்தாள். தோள் தொடைமேல் இறங்கியது, பின்கால் சுழன்றது. 3-2.

இப்போது பின்தங்கியவள் எதிராளி. நேரம் ஓட ஓடத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், நெஞ்சு நிமிர, கால் முந்த. அது பாடி வருகிற கால். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கபடிப் பிள்ளைகள் அவள் இறங்குவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டார்கள். கணுக்கால் கையில், தோள் முன்னெலும்பில், 5-2. கடைசி நொடிகளில் ஒரு ஸ்டெப் அவுட் கொடுத்து 5-3 என்று முடிந்தது.

கால்பிடிகள் ஐந்து, பூட்டியவை நான்கு, புள்ளி தந்தவை மூன்று, திருப்பி அடிவாங்கியது ஒன்று. முந்தைய ஆட்டத்தைவிடப் பாதி தடவைதான் இறங்கியிருக்கிறாள். இரண்டே ஆட்டங்களை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. எதிராளியும் அன்று வேறு மனநிலையில் இருந்திருக்கலாம். ஆனால் திசை மாறியதை, பிடித்தபின் எழுந்ததை, வராத காலுக்கு இறங்காததை நான் கண்ணால் பார்த்தேன். அவை தற்செயலாக வருபவை இல்லை.

இறுதியாட்டத்தில் தோற்றாள். அந்தப் பெண் பிடரியில் கை வைக்கவே விடவில்லை. ஒவ்வொரு தடவையும் இவள் கை உயரும்போது அக்குள் வழியாகத் தன் கையை உள்ளே விட்டு, தோளைத் தூக்கி, இவளை நிமிர்த்திவிட்டாள். நிமிர்ந்த உடம்பால் காலுக்கு இறங்க முடியாது. 1-6.

திரும்பி வரும்போது தொப்பூர்க் கணவாயில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பேருந்து ஊர்ந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பி, தன் அக்குளில் கையை வைத்துக் காட்டினாள்.

"சார், அந்த அக்கா இப்படி உள்ள வுட்டாங்களே, அதுக்கு என்னா பண்றது?"

நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினேன். பேனா அவளிடம் இருந்தது.